இன்று பீட்ரூட் குடிக்கவில்லை

உருண்டை! டேய் உருண்டை! உன்னப் பத்திப் பேசச் சொல்லி என்னை மேடை ஏத்திட்டாங்கடா. உன் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? "குடல்நலச் செம்மல்." இதை யாராவது வாசிச்சுக் காட்டியிருந்தா நீதான் முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சிருப்ப.

மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர் ஐயா அவர்களே, பக்கத்தில் இருக்கும், வாராவாரம் எல்லார் நோட்டையும் பார்க்கிற மேடம் அவர்களே, ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, என் தம்பியோடு பதினாறு வருஷம் ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர் அவர்களே, எதிரே நாற்காலிகளில் இருக்கும் சனிக்கிழமை வகுப்புக்காரர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் இறந்தவனுடைய அக்கா. மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறவள். எனக்கு மேடைப் பேச்சு வராது. வராது என்று தெரிந்துதான் இந்த இயற்கை நல மையத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள், பெரிய பெரிய எழுத்தாக. "எங்கள் குடும்பத்தின் ஒளிவிளக்கே" என்று ஆரம்பிக்கிறது. "நீ காட்டிய வழியில் நடப்போம்" என்று முடிகிறது. இந்தத் தாளை நான் படிக்கப் போவதில்லை. அவன் காட்டிய வழியில் நீங்கள் யாரும் நடக்கக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இன்னும் உடைத்தே சொல்லிவிடுகிறேன். இந்த அறையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என் தம்பிக்கு வந்த மாதிரியே அவருக்கும் வந்துகொண்டிருக்கிறது. என் தம்பி சொன்னதை நம்பித்தான் அவர் இதுவரை எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. தம்பியை அடக்கம் செய்த அன்று, கை கழுவுகிற குழாய்ப் பக்கத்தில் என்னை நிறுத்திக் காதோடு சொன்னார். அவரை இன்று இங்கிருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் ஏறினேன், வேறு எதற்கும் இல்லை. யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். ஆணா பெண்ணா என்றுகூட நான் சொல்லப் போவதில்லை. என்னைப் பாருங்கள், போதும்.

என் தம்பி பஸ் ஓட்டியவன். மணிக்கூண்டில் இருந்து ரயில் நிலையம், ரயில் நிலையத்தில் இருந்து மணிக்கூண்டு. ஒரு நடைக்கு ஐம்பது நிமிஷம். மற்ற டிரைவர்களைக் கேட்டால் வழியில் இருக்கும் நிறுத்தங்களைச் சொல்வார்கள். என் தம்பியைக் கேட்டால் கக்கூஸ்களைச் சொல்வான். பெட்ரோல் பங்கில் ஒன்று, தாழ்ப்பாள் சரியில்லை. நூலகத்துக்குப் பின்னால் ஒன்று, தண்ணீர் உண்டு. மரக்கடையில் ஒன்று, முதலாளி இருந்தால் விட மாட்டார். இப்படி மனப்பாடமாக வைத்திருந்தான். பன்னிரண்டு வருஷம் அப்படி ஓட்டினான். திடீரென்று வயிற்றைப் பிசையும். உடனே போயாக வேண்டும். போனால் ஒன்றும் இருக்காது. வந்து உட்கார்ந்தால் மறுபடி பிசையும். வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்ளும்.

கண்டக்டர் இருக்கிறாரே, அவரைக் கேளுங்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்கும். இவர் எழுந்து, "இன்ஜின் சூடாயிடுச்சு, அஞ்சு நிமிஷம் எல்லாரும் பொறுத்துக்கங்க" என்பார். ஒரு நாள் ஒரு பெரியவர் கேட்டாராம்: "ஏம்ப்பா, இந்த இன்ஜின் தினமும் ஏழரை மணிக்குத்தான் சூடாகுமா? அதுவும் நூலகத்துக்கிட்ட மட்டும்தானா?" அதற்கு இவர், "படிச்ச இன்ஜின் சார்" என்றாராம். சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் என் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் ஒரு வாய் சாப்பிடவில்லை. மண்டபத்தில் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கு வழி காட்டுகிற மாதிரி நடித்தான். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமலா இருந்தான்? போனான். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே போனான். எனக்குச் சோறு போடுகிற இடம் என்பதற்காக அங்கே நடந்ததை மறைக்க மாட்டேன். நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். நான்கு நிமிஷம் பார்த்தார்கள். "எல்லாம் நார்மல். இதுக்கு ஐ.பி.எஸ்.னு பேரு, எரிச்சல் குடல். உயிருக்கு ஒண்ணும் ஆகாது, டென்ஷனைக் குறைங்க." என் தம்பி கேட்டான்: "ரோட்டுல ஓட்டுறவனுக்கு டென்ஷன் குறையுறதுக்கு எந்த மாத்திரை டாக்டர்?" அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மனிதனை அப்படித் திருப்பி அனுப்பினால் அவன் எங்கே போவான்? காது கொடுத்துக் கேட்கிறவன் வாசலுக்குத்தான் போவான்.

இங்கே கேட்டீர்கள். டாக்டர் ஐயா, அதை நான் மறுக்கவில்லை. முதல் நாள் ஒன்றரை மணி நேரம் கேட்டீர்கள். என்ன சாப்பிடுகிறான், எத்தனை மணிக்கு எழுகிறான், அப்பா எப்போது செத்தார், வண்டியில் யார் திட்டினார்கள், எல்லாம் கேட்டீர்கள். வீட்டுக்கு வந்து என் தம்பி அழுதான். "அக்கா, என் வயித்தைப் பத்தி ஒரு ஆள் சிரிக்காம கேட்டாருக்கா" என்றான். பிறகு பாலை நிறுத்தினீர்கள். கோதுமையை நிறுத்தினீர்கள். வெங்காயம், பூண்டு, பருப்பு நிறுத்தினீர்கள். இசப்கோல் உமியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னீர்கள். புதினா எண்ணெய் மாத்திரை கொடுத்தீர்கள். ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்லச் சொன்னீர்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன் பத்து தடவை வயிற்றால் மூச்சு விடச் சொன்னீர்கள். எல்லாம் செய்தான். மூன்று மாதத்தில் வண்டி மணிக்கூண்டில் இருந்து ரயில் நிலையம் வரை நிற்காமல் ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மனசுக்குள் இன்றும் அந்தக் கும்பிடு அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

நீங்கள் அத்தோடு விட்டிருக்கலாம். விட்டீர்களா? அவன் படத்தை எடுத்து அந்தச் சுவரில் மாட்டினீர்கள். "குணமானவர்கள்" என்று மேலே எழுதியிருக்கிறது பாருங்கள், அந்தச் சுவர். சனிக்கிழமை வகுப்பு எடுக்கச் சொன்னீர்கள். என் தம்பிக்குப் பேச்சு நன்றாக வரும். கூட்டம் சேர்ந்தது. செம்மல் ஆனான்! சுவரில் தொங்குகிறவனுக்கு மறுபடியும் வியாதி வரலாமா? வந்தால் யாரிடம் சொல்வான்? உங்களிடம் சொன்னால் சுவர் என்ன ஆவது? வகுப்பில் சொன்னால் கூட்டம் என்ன ஆவது? நோயாளி குணமாகலாம். குணமானவன் நோயாளி ஆகக் கூடாது. இந்த மையத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் இது.

இப்போது பீட்ரூட்டுக்கு வருகிறேன்.

இங்கே எல்லாருக்கும் காலையில் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு. அதைக் குடித்தால் மறுநாள் சிவப்பாகப் போகும். புதிதாக வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். அதனால் முதல் வகுப்பிலேயே என் தம்பி சொல்லிவிடுவான்: "காலைல கீழ குனிஞ்சு பாத்துட்டு அலறாதீங்க. உள்ள போன கலர்தான் வெளிய வருது. நான் முதல் நாள் பாத்துட்டு உயிலே எழுதப் போயிட்டேன்!" எல்லாரும் சிரிப்பார்கள். நல்ல பேச்சுதான். பீட்ரூட் வரைக்கும் உண்மையும்தான்.

பிறகு இந்த நோட்டு. இதோ என் கையில் இருக்கிறது. இங்கே வருகிற எல்லாருக்கும் ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டம். வலி, காற்று, மலம், தூக்கம், மனசு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று எண் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கொடுத்தால் மேடம் பார்த்துப் பச்சை மையில் எழுதித் திருப்பித் தருவார்கள். தம்பி செத்து ஏழாம் நாள் அவன் மனைவி இதை என்னிடம் கொடுத்தாள். "அண்ணி, என்னால இதைப் பாக்க முடியல, நீங்க வெச்சுக்கங்க" என்றாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். நான்கு நாள் ஆயிற்று. ஒரு பக்கத்தில் வந்து நின்றேன். கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. வலி இரண்டு. காற்று ஒன்று. மனசு எட்டு. கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால், எறும்பு மாதிரி எழுதியிருக்கிறான். படிக்கிறேன், கேளுங்கள்:

"இன்று பீட்ரூட் குடிக்கவில்லை. மூன்று நாளாகக் குடிக்கவில்லை. ஆனாலும் சிவப்பு."

அவ்வளவுதான். அதற்குக் கீழே பச்சை மை. அதையும் படிக்கிறேன். "மிகச் சிறப்பு! வலி மூன்றிலிருந்து இரண்டு! இதே வழியில் தொடரவும்." பக்கத்தில் ஒரு சரி அடையாளம்.

மேடம், நீங்கள் அழுகிறீர்கள். அழ வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் கட்டங்களைப் பார்த்தீர்கள். வெள்ளிக்கிழமை ஒரே நாளில் நூறு நோட்டு வந்தால் யாராக இருந்தாலும் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் வலிக்கும் காற்றுக்கும் கட்டம் போட்டவர்களுக்கு ரத்தத்துக்கு ஒரு கட்டம் போடத் தோன்றவில்லையா? மனசுக்குக்கூட ஒரு கட்டம் இருக்கிறதே!

டாக்டர் ஐயா ஏதோ சொல்கிறார். சொல்லுங்கள் ஐயா, மைக்கில் சொல்லுங்கள்... கேட்டீர்களா எல்லாரும்? "யாரையும் ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு நாங்க ஒரு நாளும் சொன்னதில்லம்மா" என்கிறார். உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. நீங்கள் சொல்லவில்லை. என் தம்பி சொன்னான். நீங்கள் பின்னால் நின்று தலையாட்டினீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை ஐயா. கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். நல்லவராக இருந்துகொண்டு, அவன் பெல்ட்டில் நாலு புது ஓட்டை விழுந்ததைப் பார்த்து, "உடம்பு இப்பதான் அதோட நிஜ எடைக்கு வருது" என்றீர்கள். அதை வகுப்பில் சொல்லிக் கைதட்ட வைத்தீர்கள். கைதட்டியவர்களில் நானும் உண்டு. அன்று சும்மா வந்திருந்தேன். "பாருடா, சினிமா ஹீரோ மாதிரி ஆயிட்டான் என் தம்பி" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். தினமும் ரத்தக்கறையைத் துவைக்கிற கை இது. அந்தக் கையால் தட்டினேன்.

இருங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை. யாரப்பா மைக்கைப் பிடிக்கிறது? நேரம் ஆகிவிட்டதா? வெளியே பலகையில் "ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மணி நேரம் செவிசாய்ப்போம்" என்று எழுதியிருக்கிறதே. உயிரோடு வருகிறவர்களுக்கு மட்டும்தானா? மைக்கை விடு.

இவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது பாதி நியாயம். உருண்டை, இப்ப உன்கிட்ட வரேன்.

அந்த ஓர எழுத்துக்குப் பக்கத்தில் தேதி இருக்கிறது. வியாழக்கிழமை. ஏழு மாதத்துக்கு முன்னால். மறுநாள் வெள்ளி, பச்சை மை. அதற்கு மறுநாள் சனி. அந்தச் சனிக்கிழமைதான் நான் சொன்ன அந்த ஒருவர் இந்த வகுப்புக்கு முதன்முதலாக வந்திருக்கிறார். அவர் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தேதிதான் இருக்கிறது. நானே பார்த்தேன். வகுப்பு முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கி என் தம்பியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்: "எனக்கு ரெண்டு மாசமாவே அப்படித்தாங்க இருக்கு. இன்னும் உங்க சாறே குடிக்க ஆரம்பிக்கல." என் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கும் இருந்துச்சுங்க. குடல் புண்ணு ஆறுறப்ப அப்படித்தான் கழிவு போகும். பயப்படாதீங்க, என்னைப் பாருங்க, நான் நல்லா இல்ல?"

என்னைப் பாருங்க! நான் நல்லா இல்ல?

டேய், வியாழக்கிழமை உன் கையாலேயே எழுதினியேடா! மூணு நாள் நிறுத்தி, நீயே சோதிச்சுப் பாத்து, பீட்ரூட் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதின. உன்னை ஏமாத்திக்கிட்ட, சரி, அது உன் உயிர். அடுத்தவங்க உயிர எடுத்து எதுக்குடா உன் பொய்க்குப் பக்கத்துல வெச்ச? உன்மேல எனக்கு வர்ற கோபம் இவங்க யார் மேலயும் வரல. உன்னைக் குளிப்பாட்டித் தூக்கிட்டுப் போனப்பகூட எனக்கு அழுகைக்கு முன்னாடி கோபம்தான் வந்துச்சு.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான்காம் மாதம் டிப்போவில் மயங்கி விழுந்தான். நல்லவேளை, வண்டி நின்றிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடலில் கட்டி, கல்லீரல் வரைக்கும் போய்விட்டது. அங்கே ஒரு பெண் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்: "எவ்வளவு நாளா ரத்தம் போகுது?" என் தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "இது ஐ.பி.எஸ். இல்ல. ஐ.பி.எஸ்.ல ரத்தம் வராது. காரணமே இல்லாம எடை குறையாது. இது ரெண்டும் வந்தா வேற எதையோ தேடணும்னு அர்த்தம்" என்றார்கள். மூன்றாம் வகுப்புக்காரி எனக்கே இரண்டு வரியில் புரிந்துவிட்டது. இந்த இரண்டு வரியை இவ்வளவு பெரிய மையத்தில் ஒரு சுவரிலும் எழுதவில்லையே! எழுபது நாள் இருந்தான். முடிந்தது.

இரங்கல் கூட்டத்தில் கடைசியில் உறுதிமொழி சொல்ல வேண்டுமாம். தாளில் இருக்கிறது. நானும் சொல்கிறேன். அவன் பணியைத் தொடர மாட்டேன். அவன் செய்ததை ஒவ்வொருவராகப் பிடித்துத் திருத்துவேன். சனிக்கிழமைதோறும் அவன் இந்த மேடையில் நின்றான். இனி சனிக்கிழமைதோறும் நான் வெளியே கேட்டில் நிற்பேன். எனக்கு அன்று விடுமுறை. போலீசைக் கூப்பிட்டாலும் நிற்பேன். உங்கள் இசப்கோலைக் குடியுங்கள், நல்லது. மூச்சு விடுங்கள், மென்று தின்னுங்கள், நல்லது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்பேன். ரத்தம் போகிறதா? எடை குறைகிறதா? போகிறது என்றால், முதலில் அங்கே, பிறகு இங்கே. கூச்சப்படுகிறவர்கள் என்னிடம் கூச்சப்பட வேண்டாம். நான் பார்க்காத அழுக்கு இல்லை.

இப்போது, குழாய்ப் பக்கத்தில் என்னிடம் பேசியவரே, உங்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பெண் டாக்டரிடம் நேற்றே பேசிவிட்டேன். இன்று மாலைக்குள் வந்தால் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு என் தம்பிக்கு வந்ததுதான் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. மேடையில் இருக்கிற யாருக்கும் தெரியாது. வெறும் மூலமாகக்கூட இருக்கலாம். அப்படி இருந்தால் திரும்பி வந்து என்னைத் திட்டுங்கள், பைத்தியக்காரி பயமுறுத்திவிட்டாள் என்று. சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். கூட்டத்துக்கு நடுவில் எழுந்திருக்கக் கஷ்டமாக இருந்தால், நான் முதலில் இறங்கி நடக்கிறேன். பின்னால் வாருங்கள். யாருக்கும் தெரியாது.

...

இருங்கள். நீங்களே எழுந்துவிட்டீர்களா?

எல்லாரும் பார்த்துவிட்டார்கள், பரவாயில்லை. இவர் தையல்காரம்மா. கடைத்தெரு முனையில் இவர் மெஷின் சத்தம் கேட்காதவர்கள் இங்கே இல்லை. என்னம்மா? உதடு மட்டும்தான் அசைகிறது. சத்தமாகச் சொல்லுங்கள். அந்த நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"தனியாப் போகப் பயமா இருக்குக்கா. அதான் இத்தனை நாளும் போகல. நீங்க கூட வர்றதா இருந்தா வரேன்."

கேட்டீர்களா? அவ்வளவுதான் கேட்கிறார். டாக்டர் ஐயா, இந்த மைக்கைப் பிடியுங்கள். எனக்கு இதற்கு மேல் பேச வரவில்லை. நான் இறங்குகிறேன்.

ஒரு நிமிஷம். அவன் படத்துகிட்ட ஒண்ணே ஒண்ணு.

தம்பி, அப்புறம் நீ வெளுத்துப் போனப்பல்லாம் நான் உன்கிட்ட "போய்க் காட்டுடா, போய்க் காட்டுடா"ன்னேன். போன்ல சொன்னேன். உன் வீட்டு வாசப்படியில நின்னு சொன்னேன். கெளம்பிட்டிருந்த உன் பஸ் ஜன்னல்ல தட்டிச் சொன்னேன். நீயும், "உனக்கு ஆஸ்பத்திரிச் சம்பளம்கா, நீ அப்படித்தான் பேசுவ"ன்னு சிரிச்ச. நானும் ரோஷத்துல போயிட்டேன். நான் வேலை பாக்குற இடம்டா அது. ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து, உன் கையப் பிடிச்சு, "கெளம்பு, நானும் கூட வரேன்"னு ஒரு தடவகூடச் சொல்லல. சொல்லியிருந்தா வந்திருப்பியாடா?